நூறு சொற்களுக்குள்

நிகழ்ச்சி நிரல் நாளைக்கு அச்சுக்குப் போகிறதாம்.
நடத்துநரைப் பற்றி ஒரு குறிப்பு வேண்டுமாம்,
நூறு சொற்களுக்குள்.
"நீங்களே எழுதுங்கோ" என்றாள்,
வில்லைத் தளர்த்தியபடி.
"நான் எழுதினா ரெண்டு வரியிலை முடிஞ்சிடும்."

பெனடிக்ரா வியாகுலப்பிள்ளை. பிறப்பு பாசையூர்.
ஒன்பது வயதில் கோயில் மேல்மாடத்தில்
முதல் வயலின்,
மடத்துச் சகோதரி ஒருவர் விட்டுப்போனது.
அதன் வயிற்றில் கறையான் தின்ற ஓர் ஓட்டை.
(ஏற்கனவே பதினாறு சொல் போய்விட்டது.
ஓட்டையை வெட்டலாம்.)

லண்டன் பரீட்சையில் ஏழாந் தரம்.
எட்டாந் தரத்துக்கு வரவேண்டிய பரிசோதகர்
வவுனியாவோடு திரும்பிவிட்டார்.
பாதை பூட்டு.
இதை எப்படிப் போடுவது?
"எட்டாந் தரம்: பாதை திறக்கவில்லை" என்றா?

மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் என்று நீண்ட
தடைப்பட்டியலில்
வயலின் நரம்பு இருக்கவில்லை.
ஆனாலும் வரவில்லை.
மேல் தந்திக்கு
சைக்கிள் பிறேக் கம்பியில் பிரித்த ஓர் இழை.
வில்லுக்கு,
நெடுந்தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒருவரின்
பெட்டியைக் கட்டியிருந்த குதிரைமயிர்க் கயிறு.
மூன்று நாள் இருந்து மயிர்மயிராய்ப் பிரித்தாள்.
அதற்குப் பூசத்தான்
வாடியில் வந்து என்னிடம் கேட்டாள்,
வள்ளத்து நீக்கலுக்கு உருக்கும் குங்கிலியம்.
அப்படித்தான் பழக்கம். அப்படித்தான் கலியாணமும்.
அவள் வாசித்தால்
கட்டி முடித்த புது வள்ளத்தின் மணம்
அறையெல்லாம்.

பிறகு அந்த ஐப்பசி.
மழை. இரவு.
நாவற்குழிப் பாலத்தில்
முழு யாழ்ப்பாணமும் ஓர் அடி வைத்து
அடுத்த அடிக்குக் காத்து நின்றது.
வயலின் பெட்டிக்குள் அரிசியும் பிள்ளையின் பால்மாவும்.
வயலின், என் சாரத்தில் சுற்றி, அவள் மார்பில்.
விடியும்வரை ஒன்றும் கதைக்கவில்லை.
ஒரு விரல் மட்டும் என் முதுகில்
எதையோ எண்ணிக்கொண்டே வந்தது.

திரும்பி வந்து தொடங்கிய வாத்தியக் குழுவில்
பதினொரு பேர்.
நாலு வயலின், ஒரு கிளாரினெற், ஒரு செலோ,
மிச்சப் பேரிடம் ஒன்றுமில்லை, ஆர்வம் இருந்தது.
கோலுக்குக் குடைக்கம்பி,
பிடிக்குப் போத்தல் தக்கை.
சென்றியில் இது என்ன என்று மறித்தவனுக்கு
நாலு அடித்துக் காட்டினாள்.
கோல் வலப்பக்கம் போன மூன்றாம் அடியில்
அவன் வழிவிட்டு ஒதுங்கினான்.
பக்கத்து வீட்டு மடுத்தீன் கேட்டார்:
"கொண்டக்ரர் எண்டால்,
எழுநூற்றைம்பது பஸ்ஸிலோ பிள்ளை?"
"ஓமண்ணை, ஆனா மிச்சக்காசு குடுக்கிறேல்லை."

மெதுவான பகுதி வந்தால்
வேகம் சொல்லமாட்டாள்.
"நாவற்குழிப் பாலம்" என்பாள்.
போதும். கிளாரினெற் கண்ணை மூடும்.
செலோ பெருமூச்சு விட்டுத் தொடங்கும்.

இப்போது இருபத்தாறு பேர்,
பாதிப்பேர் அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்.
போன செவ்வாய் ஒத்திகையில்
இரண்டாம் வயலின் டிலக்சிகா எழும்பிச் சொன்னாள்:
"மிஸ், பைக்கிலை போனா
அந்தப் பாலம் பத்து செக்கனும் இல்லை."
எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான்.
கோலைத் தாழ்த்தி, கூரையைப் பார்த்து,
"நாற்பத்தாறு" என்றாள்.
"நிமிசத்துக்கு நாற்பத்தாறு அடி."
பென்சிலால் குறித்துக்கொண்டார்கள்.
அழகாகத்தான் வாசித்தார்கள்.

கடைசி வாங்கில் நான்.
அது நாற்பத்தாறு இல்லை.
என் முதுகுக்குத் தெரியும்.

எழுதி எண்ணினால் நூற்றுப் பதின்மூன்று.
ஓட்டையை வெட்டினேன்.
பரிசோதகரை வெட்டினேன்.
பாலத்தை எடுத்து, வைத்து, எடுத்தேன்.
அனுப்பி அரைமணித்தியாலத்தில்
அச்சகத்துப் பொடியன் போன் எடுக்கிறான்:
"அங்கிள், இதிலை ஒரு சொல்லு விளங்கேல்லை.
குங்குமமோ?"